தீபாவளி கழிந்து காஷ்மீர்: அதற்குள் சினார் இலை கொட்டிவிடுமா? (வேலூரிலிருந்து குடும்பத்தோடு)

காட்பாடிக்காரன்

வணக்கம். இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அது முடிந்து ஓரிரு நாளில் கிளம்பி, திருவண்ணாமலை தீபத்துக்கு முன்னால் வீடு திரும்புகிற மாதிரி ஒரு காஷ்மீர் பயணம் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான், மனைவி, நாலாம் வகுப்பு படிக்கும் மகள், அம்மா. அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் வலி உண்டு, மற்றபடி தெம்பானவர்.

போவதே இலையுதிர் கால நிறத்தைப் பார்க்கத்தான். பனி எங்களுக்கு முக்கியமில்லை. அக்டோபரில் போகலாமே என்று சொல்லிவிடாதீர்கள். ஜவுளிக்கடை வியாபாரம், தீபாவளி வரைக்கும் கல்லாவை விட்டு எழுந்திருக்க முடியாது.

ஒரு டிராவல்ஸில் கேட்டதற்குத் தந்த திட்டம் இது: குல்மர்க் ஒரு இரவு, சோனமர்க் ஒரு பகல், பஹல்காம் இரண்டு இரவு, கடைசியாக ஸ்ரீநகரில் ஒரு இரவு படகு வீடு. "இலை இருக்குமா?" என்றால் "எல்லாம் இருக்கும் சார், வாங்க சார்" என்கிறார்கள். நம்பலாமா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இல்லை, கொடைக்கானலோடு முடித்துக்கொள்ளலாமா?

ராணிப்பேட்டை ரைடர்

கொடைக்கானலில் எந்த இலை நிறம் மாறுகிறது? பைன், யூகலிப்டஸ், சோலைக்காடு எல்லாம் வருடம் முழுக்கப் பச்சைதான். அதுவும் நவம்பரில் மழையும் மூடுபனியும்தான் மிச்சம். காஷ்மீரே போங்கள். என்னைக் கேட்டால் லடாக், ஆனால் அங்கே பாப்லர் மரங்கள் மஞ்சளாவது அக்டோபரின் முதல் பாதி. நவம்பரில் மொட்டைக் குச்சிதான். அம்மாவை அழைத்துக்கொண்டு அந்தக் குளிரில் போகவும் முடியாது.

குடியாத்தம் டீச்சர்

நான் தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவரோடு இரண்டு முறை காஷ்மீர் போயிருக்கிறேன், அதில் ஒன்று நவம்பர் மாதம். கேள்வி நல்ல கேள்வி, டிராவல்ஸ் திட்டம்தான் தலைகீழ்.

இலை நிறம் மாறுவது மலை உச்சியில் தொடங்கி கீழே இறங்கி வரும். மேலே குளிர் முதலில் வருகிறது, அதனால் இலையும் முதலில் பழுக்கிறது. பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். சோனமர்க்கும் குல்மர்க்கும் 2,600 மீட்டருக்கு மேல். பஹல்காம் ஏறக்குறைய 2,200. ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர்தான். அக்டோபர் முதல் பாதியில் மேலே நிறம், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை பள்ளத்தாக்கின் தரையில் நிறம். நீங்கள் போவது கடைசிக் கட்டம். தாமதமாகப் போகிறவர் மேலே ஏறக் கூடாது, கீழேயே இருக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் நிறம் இருக்கிற ஊருக்கு ஒரு இரவு, முடிந்துபோன ஊர்களுக்கு மூன்று இரவு.

இன்னொன்று. குல்மர்க்கில் நிற்பதில் பெரும்பாலானவை ஃபர், பைன் போன்ற ஊசியிலை மரங்கள். அவை எப்போதுமே பச்சை. "மலை" என்றாலே இலை சிவக்கும் என்று நினைத்து சிம்லா போய்த் தேவதாரு மரத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்து வருகிறவர்கள் நிறையப் பேர். நிறம் மாறுகிற மரம் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் போக வேண்டும். காஷ்மீரில் அது சினார், பாப்லர், வாதுமை, வால்நட், ஆப்பிள், வில்லோ. இவையெல்லாம் மனிதர்கள் குடியிருக்கிற தாழ்ந்த இடங்களில், தோட்டங்களிலும் சாலையோரத்திலும் ஆற்றங்கரையிலும்தான் அதிகம்.

காட்பாடிக்காரன்

டீச்சர், இது யாருமே சொல்லாத விஷயம். அப்படியானால் பத்து, பதினொன்றாம் தேதி ஸ்ரீநகரில் சினார் இலை மரத்தில் இருக்குமா, தரையில் இருக்குமா?

குடியாத்தம் டீச்சர்

இரண்டிலும். சினார் ஒரே நாளில் கொட்டுகிற மரம் இல்லை. பச்சை மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சு, பிறகு செங்கல் நிறம், கடைசியில் துருப்பிடித்த பழுப்பு. ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து மரங்கள்கூட ஒரே நாளில் ஒரே நிறத்தில் இருக்காது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் செங்கல் நிறமும் பழுப்பும் தூக்கலாக இருக்கும், தரையில் கணுக்கால் அளவுக்கு இலை கிடக்கும். சிறு பிள்ளைக்கு இதுதான் இன்னும் பிடிக்கும்.

ஆனால் ஒரு பெரிய மழையோ காற்றோ வந்தால் இரண்டு நாளில் பாதி காலி. அது யார் கையிலும் இல்லை.

ராணிப்பேட்டை ரைடர்

குளிர் கூடினால் சிவப்பும் கூடும் என்கிறார்களே டீச்சர்? அப்படியானால் தாமதமாகப் போவது நல்லதுதானே?

குடியாத்தம் டீச்சர்

பாதி சரி. மஞ்சள் நிறம் புதிதாக வருவதில்லை. அது கரோட்டினாய்டு, இலையில் முதலிலிருந்தே இருக்கிறது. பச்சையம் சிதைந்து போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. ஆந்தோசயனின் என்ற நிறமியை அந்த நேரத்தில்தான் இலை உண்டாக்குகிறது, அதற்குச் சர்க்கரை வேண்டும். பகலில் நல்ல வெயில் அடித்தால் இலை சர்க்கரை செய்யும். இரவு குளிர்ந்தால், காம்பின் அடியில் அடைப்பு விழ ஆரம்பித்திருப்பதால், அந்தச் சர்க்கரை இலையிலேயே தங்கும். வெயில் பகல், குளிர்ந்த இரவு, இரண்டும் சேர்ந்தால் நல்ல சிவப்பு. உறைபனியே விழுந்துவிட்டால் இலையின் செல் செத்துப்போகும். அப்புறம் சிவப்பு ஏது, பழுப்புதான். அந்தப் பழுப்பு டானின். நம் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிட ஆவாரம் பட்டை போட்டார்களே, அதில் இருந்ததும் டானின்தான்.

ஆம்பூர் பாய்

அட, தோல் வரைக்கும் வந்துவிட்டது! டீச்சரம்மா சொன்ன பிறகு நான் சும்மா இருக்கக் கூடாது. ஷூ கம்பெனி வேலையாக டெல்லி போகும்போதெல்லாம் ஸ்ரீநகருக்கும் ஒரு நடை போய்விடுவேன். என் கணக்கில் நீங்கள் பார்க்க வேண்டியவை இவை.

முதலில் நசீம் பாக். ஹஸ்ரத்பல் பக்கத்தில், காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. அக்பர் காலத்தில் வைத்த தோப்பு என்பார்கள். கட்டிய தோட்டம் மாதிரி நீரூற்று, படிக்கட்டு எதுவும் கிடையாது, வரிசை வரிசையாகச் சினார் மட்டும்தான். காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் சாய்வாக உள்ளே விழும்போது போங்கள். சமதரை, அம்மாவுக்குக் கஷ்டமே இல்லை. பிள்ளைகள் இலைக் குவியலில் விழுந்து புரண்டுகொண்டிருக்கும், உங்கள் மகளைத் திரும்ப அழைத்து வருவதுதான் சிரமம்.

அடுத்து நிஷாத், ஷாலிமார். ஷாலிமார் ஜஹாங்கீர் 1619-இல் நூர்ஜஹானுக்காகப் போட்டது. நிஷாத் 1633-இல் நூர்ஜஹானின் அண்ணன் ஆசஃப் கான் போட்டது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நிஷாத். பன்னிரண்டு அடுக்கு, மேலிருந்து பார்த்தால் மரங்களுக்கு அப்பால் டல் ஏரி முழுக்கத் தெரியும். ஆனால் அடுக்குக்கு அடுக்கு படி உண்டு, அம்மா கீழ் இரண்டு அடுக்கில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

ஏரிக்கு நடுவே சார் சினார் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது, மூலைக்கு ஒரு மரமாக நாலு சினார். ஷிகாரா படகில் போகிற வழியில் பார்த்தால் போதும், அதற்கென்று தனியாகப் பணம் கொடுத்துப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பாம்போர் குங்குமப்பூ வயல் ஸ்ரீநகரிலிருந்து கொஞ்ச தூரம்தான். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை நன்றாகப் பூக்கும். நீங்கள் போகும்போது வால் பகுதி. பூ இருந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் வெறும் மண். சாலையோரக் கடையில் குங்குமப்பூ வாங்காதீர்கள், கலப்படம் அதிகம்.

கம்மவான்பேட்டை சுபேதார்

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் ராணுவம் என்பது எல்லாருக்கும் தெரியும். நானும் ஸ்ரீநகர் பாதாமி பாக்கில் இருந்தவன். அங்கே இருக்கிற படைப்பிரிவுக்கே சினார் கோர் என்றுதான் பேர். தம்பி, இரண்டு விஷயம் சொல்கிறேன், குறித்துக்கொள்.

ஒன்று, நவம்பரில் பனி விழாது என்று நினைக்காதே. 2018-இல் நவம்பர் முதல் வாரத்திலேயே பெரும் பனி கொட்டியது. 2019-இலும் அப்படித்தான். இலை உதிராத ஆப்பிள் மரத்தின்மேல் பனி பாரம் ஏறிக் கிளை கிளையாக முறிந்தது. தோட்டக்காரர்கள் அழுதார்கள். அப்படிப் பனி விழுந்தால் நெடுஞ்சாலை மூடும், விமானமும் ரத்தாகும். அதனால் திரும்பும் டிக்கெட்டுக்கும் கடை திறக்கும் நாளுக்கும் நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விடு. சனிக்கிழமை இறங்கி ஞாயிறு கல்லாவில் உட்காருகிற கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

இரண்டு, பொழுது. நவம்பர் நடுவில் சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகும். மாலை ஐந்தரைக்கு முன்னாலேயே மறைந்துவிடும். மலை மறைப்பு இருக்கிற இடத்தில் நாலு மணிக்கே நிழல். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். டிராவல்ஸ்காரர் நாலு இடம் எழுதியிருந்தால் இரண்டை இருட்டில் காட்டுவார்.

வார்டு நம்பர் 7

நான் வேலூரில் செவிலியர். ஸ்ரீநகர் உயரத்துக்கு மூச்சுத் திணறல், தலைசுற்றல் என்று பயப்பட வேண்டியதில்லை, அது இன்னும் மேலே போனால் வரும் தொல்லை. உங்கள் அம்மாவுக்குப் பிரச்சினை குளிரும் புகையும்தான். நவம்பரில் அங்கே இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். காலையில் பள்ளத்தாக்கில் காற்று அசையாமல் நிற்கும், அந்த நேரம் பார்த்து இலையையும் குச்சியையும் எரிப்பார்கள், புகை மேலே போகாமல் படுக்கும். ஆஸ்துமா, இழுப்பு இருந்தால் இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்.

முழங்காலுக்கு நீ-கேப்பை விட, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தெர்மல் உள்ளாடை போடுவது நல்லது. காலையில் எழுந்ததும் உடனே நடக்க விடாமல், படுக்கையிலேயே காலை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்கு அதிகமாக எடுத்துப் போங்கள். பனியில் மாட்டினால் அதே கம்பெனி மாத்திரை கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கம்மவான்பேட்டை சுபேதார்

அந்தப் புகை பற்றி அம்மணி சொன்னது சரி. அது சும்மா குப்பை எரிப்பது இல்லை. உதிர்ந்த சினார் இலையைப் பெண்கள் கூட்டிக் குவித்து, கொளுத்தி, நீர் தெளித்து அணைத்துக் கரியாக்கி மூட்டை கட்டி வைப்பார்கள். குளிர் காலம் முழுக்க காங்ரிக்கு அதுதான். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் கங்கு, அதை ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொண்டு நடப்பார்கள். நமக்கு வயிற்றைக் கலக்கும், அவர்கள் ஓடக்கூடச் செய்வார்கள். எரிக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. மின்சாரம் நிற்கிற ஊரில் கரியை விடு என்றால் யார் விடுவார்கள்?

வார்டு நம்பர் 7

படகு வீட்டிலோ ஓட்டலிலோ அறைக்குள் கரி அடுப்போ காங்ரியோ வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். சுடுநீர்ப் பையோ மின்சாரப் போர்வையோ கேட்டு வாங்குங்கள்.

ஆம்பூர் பாய்

அதனால்தான் சொல்கிறேன், படகு வீட்டில் ஒரே ஒரு இரவு, அதுவும் ஆசைக்கு. மற்ற இரவுகள் தரையில் கட்டிய ஓட்டலில், சூடு வசதி இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். "ஹீட்டர் உண்டு" என்பார்கள். மின்சாரம் நின்றால் அந்த ஹீட்டருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று கேளுங்கள், அங்கேதான் பதில் இழுக்கும். ஹமாம் இருக்கிற விருந்தினர் விடுதி கிடைத்தால் பாக்கியம். கல் தரைக்கு அடியில் விறகு எரித்து அறையையே சூடாக்கி வைப்பார்கள், அம்மா அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

சாப்பாடு: அசைவம் என்றால் கவலையே இல்லை, நவம்பரில் பழைய ஸ்ரீநகரில் ஹரீசா தொடங்கிவிடும். ஆட்டுக்கறியை இரவெல்லாம் வேகவைத்துக் கடைந்து விடியற்காலையில் ரொட்டியோடு தருவார்கள். ஆம்பூர்க்காரன் நானே ஒரு நாள் பிரியாணியை மறந்தேன், ஊரில் சொல்லிவிடாதீர்கள். சைவம் என்றால் டல்கேட் பக்கம் சைவ தாபா உண்டு. தாமரைத் தண்டுக் கறி, ஹாக் கீரை கேட்டு வாங்குங்கள். எதற்கும் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி ஒரு டப்பா இருக்கட்டும். மூன்றாம் நாள் அம்மா தேடுவார்.

காட்பாடிக்காரன்

நாங்கள் சைவம்தான் பாய். புளிக்காய்ச்சல் ஏற்கெனவே பட்டியலில் ஏறிவிட்டது. போகும் வழி பற்றி? அம்மா ரயிலில் போகலாம் என்கிறார், காட்பாடியில் ஏறினால் நேராகப் போய்விடலாமே என்று.

ராணிப்பேட்டை ரைடர்

போகலாம், கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் ஹிம்சாகர் காட்பாடி வழியாகத்தான் போகிறது, வாரம் ஒரு முறை. ஆனால் ரயிலிலேயே ஏறக்குறைய மூன்று நாள். இன்னொரு வழி, கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து வந்தே பாரத்தில் கட்ரா, கட்ராவில் மாறி ஸ்ரீநகர். கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் 2025 ஜூனில் தொடங்கினார்கள், மூன்று மணி நேரம்தான். ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் இருக்கிற செனாப் பாலத்தின்மேல் போகும். போக ரயில், வர விமானம் என்று வைத்தால் நாளும் மிச்சம், அனுபவமும் மிச்சம்.

கம்மவான்பேட்டை சுபேதார்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். எங்களை ஜம்முவில் இறக்கிவிட்டு கான்வாயில் ஏற்றுவார்கள். ராம்பனில் பாறை சரிந்தால் நடுவழியில் காத்துக் கிடக்க வேண்டும்.

தம்பி, அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு அவ்வளவு ரயில் வேண்டாம். சென்னையில் விமானம் ஏறு, டெல்லியில் மாறு. ஸ்ரீநகர் விமான நிலையத்தில் சோதனை பல அடுக்கு. நுழைவாயிலுக்கு முன்னாலேயே எல்லாரையும் இறக்கிப் பெட்டியைச் சோதிப்பார்கள். திரும்பும்போது மூன்று மணி நேரம் முன்னால் போய்விடு. ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, உங்களில் ஒருவர் எண்ணையாவது போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு கிளம்பு.

காட்பாடிக்காரன்

சுபேதார் ஐயா, வெளிப்படையாகவே கேட்கிறேன். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்ததற்குப் பிறகு மாமனார் வீட்டில் "பெண் குழந்தையை அழைத்துக்கொண்டு அங்கே எதற்கு" என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

கம்மவான்பேட்டை சுபேதார்

ஒன்றும் ஆகாது என்று நான் எழுதித்தர மாட்டேன், எழுதித்தருகிறவனை நம்பாதே. அந்தத் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்களை மூடி, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் எது திறந்திருக்கிறது என்று அரசு சுற்றுலாத் துறையில் கேட்டுக்கொள். டீச்சர் சொன்ன மாதிரி ஸ்ரீநகரிலேயே இருந்தால் ஒதுக்குப்புறமான புல்வெளிகளுக்குப் போகிற வேலையே உனக்கு இல்லை. இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிடு. மாமனாரிடம் அப்படியே சொல். அப்புறமும் அவர் மனது ஒப்பவில்லை என்றால் சண்டை போடாதே, வேறு வருடம் போகலாம்.

புதூர்நாடு

எல்லாரும் காஷ்மீருக்கே டிக்கெட் போடுகிறீர்கள். நான் ஜவ்வாது மலைக்காரன், புதூர்நாட்டுப் பக்கம். எங்கள் மலையில் இலை உதிர்வதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? வேலூரிலிருந்து இரண்டு மணி நேரம். விமானம் வேண்டாம், ஃபெரன் வேண்டாம்.

ராணிப்பேட்டை ரைடர்

நவம்பரில் ஜவ்வாது மலை கும்மென்று பச்சையாக இருக்குமே அண்ணே. வடகிழக்குப் பருவமழை அப்போதுதானே. பீமன் அருவியில் தண்ணீர் பார்க்கலாம், சிவப்பு இலை எங்கே?

புதூர்நாடு

நவம்பரில் யார் வரச் சொன்னது? மாசி, பங்குனியில் வாருங்கள். டீச்சர் சொன்னது குளிருக்கு உதிரும் மரம். எங்கள் மரம் தண்ணீர் இல்லாமல் உதிரும். பொங்கல் கழிந்ததும் தேக்கு முதலில் கழட்ட ஆரம்பிக்கும், தரையில் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒதியன் மொட்டையாகிவிடும். இலவு இலையெல்லாம் போட்டுவிட்டு வெறும் கிளையில் சிவப்புப் பூவாக நிற்கும். புரசு இன்னும் நெருப்பு. பூவமரம் இருக்கிறதே, அது துளிர் விடும்போதே ரத்தச் சிவப்பு. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பூ என்றுதான் நினைப்பார்கள். அதே நேரம்தான் எங்களுக்குப் புளி உலுக்கும் காலம், ஊரே மரத்தடியில் இருக்கும். ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வந்தால் பாதையின் இரண்டு பக்கமும் இதுதான். சாமைச் சோறு நான் போடுகிறேன்.

குடியாத்தம் டீச்சர்

புதூர்நாடு தம்பி சொல்வது முழுக்கச் சரி. நம் மலைகள் வறண்ட இலையுதிர் காடு. காஷ்மீரில் நிறம் பழுத்த இலையில் இருக்கிறது. நம்மிடம் அதிகமும் பூவிலும் துளிரிலும் இருக்கிறது. துளிர் சிவப்பாக இருப்பதும் ஆந்தோசயனின்தான், இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது என்பது ஒரு விளக்கம். அரச மரத் துளிரைப் பாருங்கள், செம்பு நிறம். வேம்பும் அப்படித்தான். பழுத்துச் சிவக்கிற இலையே வேண்டுமென்றால் நாட்டு வாதுமை. காட்பாடியில் எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கிறது, தை மாதத்தில் அண்ணாந்து பாருங்கள்.

அந்த மலையில் வறட்சி மாதங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. மேகம் இல்லாத வானம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதே வானத்துக்காகத்தான். அங்கே உள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. பகலில் பூவமரம், இரவில் நட்சத்திரம்.

ஆனால் தம்பி, அதே மாதங்கள்தானே காட்டுத்தீக் காலமும்?

புதூர்நாடு

ஆமாம் டீச்சர், அதை நானே சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். காய்ந்த தேக்கு இலையில் ஒரு பீடித் துண்டு போதும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு தீக்காலத்தில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடும். மூடியிருந்தால் மூடியதுதான், "எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான், பின்பக்கமாக அழைத்துப் போவான்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். நான் கூப்பிடுவது தார்ச்சாலையில் வண்டியில் வந்து, ஊருக்குள் நின்று பார்க்க. அதற்கே மரம் தாராளமாக இருக்கிறது. பழைய வட ஆற்காடு ஜில்லா ஆட்களுக்கே இந்த மலையில் அருவியும் படகும் சந்தனமரக் கதையும்தான் தெரியும், எங்களுக்கு அது ஒரு குறை.

ராணிப்பேட்டை ரைடர்

ஏலகிரி? பதினாலு கொண்டை ஊசி வளைவு, வண்டி ஓட்டவே ஆசையாக இருக்கும்.

புதூர்நாடு

வளைவுகளுக்கு இடையே காடு இருக்கிறது, அங்கே பார்க்கலாம். மேலே போனால் ரிசார்ட்டும் வேலியும்தான். நான் ஒருதலைப்பட்சமாகச் சொல்கிறேன், ஏலகிரிக்காரர்கள் வந்து திட்டினாலும் சரி.

காட்பாடிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. டிராவல்ஸ் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வீட்டில் பேசி முடிவு செய்தது இது.

நவம்பர் 10 சென்னை, டெல்லி வழியாக ஸ்ரீநகர். ஆறு இரவும் ஸ்ரீநகரிலேயே. முதல் நாள் எங்கேயும் போகாமல் ஓய்வு. அப்புறம் நசீம் பாக்குக்கு ஒரு முழுக் காலை, நிஷாத்துக்கு ஒரு பிற்பகல். சங்கராச்சாரியார் கோயில் அம்மாவின் வேண்டுதல். வண்டி மேலே வரை போகும் என்றாலும் அதற்கப்புறம் இருநூற்று நாற்பதுக்கு மேல் படி இருக்கிறதாம். மெதுவாக ஏறுகிறேன் என்கிறார், அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு இரவு மட்டும் படகு வீடு. ஒரு நாளைத் திட்டமே இல்லாமல் விட்டிருக்கிறேன், மழை வந்தால் தோட்டத்தை அந்த நாளுக்கு மாற்றிக்கொள்ள. சுபேதார் ஐயா சொன்னபடி வந்த பிறகு இரண்டு நாள் கழித்துத்தான் கடை.

மனைவிக்கு மட்டும் பஹல்காம் இல்லையே என்று வருத்தம். அதற்குப் பதிலாக ஏதாவது?

ஆம்பூர் பாய்

பதிலாக பிஜ்பெஹாரா. பாதுஷாஹி பாக் என்று ஜீலம் ஆற்றங்கரையில் பழைய சினார் தோட்டம். பிரம்மாண்டமான அடிமரங்கள், நாலு பேர் கை கோத்தாலும் எட்டாது. காரிலும் போகலாம், ஆனால் நான் சொல்வது உள்ளூர் ரயில். ஸ்ரீநகரிலிருந்து பனிஹால் போகிற வண்டியில் ஏறினால் பாம்போர், அவந்திபோரா, பிஜ்பெஹாரா, அனந்த்நாக் என்று போகும். சல்லிசான டிக்கெட், வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பாப்லர் வரிசையும் ஆப்பிள் தோட்டமும். பிஜ்பெஹாரா ஸ்டேஷனில் ஆட்டோ கிடைக்கும். திரும்பும் வண்டி நேரத்தை மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் வண்டி குறைவு.

குடியாத்தம் டீச்சர்

இன்னொன்றும் உண்டு, டாச்சிகாம் தேசியப் பூங்கா. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர். கீழ்ப்பகுதிக்கு மட்டும் போங்கள். தோட்டத்து மரமாக இல்லாமல் காட்டு மரமாக நிறம் மாறுவதைப் பார்க்க அதுதான் இடம். காஷ்மீரின் ஹங்குல் மானும் அங்கேதான், இலையுதிர் காலம் அதன் இணைசேரும் பருவம், ஆண் மான் கத்துவது கேட்கலாம். வனவிலங்குத் துறையில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், போன அன்று வாசலில் நின்று கேட்டால் நடக்காது. மகளிடம் ஒரு பழைய டெலிபோன் டைரக்டரி கொடுத்து அனுப்புங்கள், இலையை அதில் வைத்து அழுத்தி எடுத்து வரலாம். தரையில் கிடப்பதை மட்டும். சினார் பாதுகாக்கப்பட்ட மரம், அங்கே சொந்த நிலத்தில் இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. கிளையை ஒடித்தால் ஊர்க்காரர்கள் சும்மா விட மாட்டார்கள்.

காட்பாடிக்காரன்

டெலிபோன் டைரக்டரிக்கு இப்போது எங்கே போவேன் டீச்சர்! பழைய கணக்குப் பேரேடு நிறைய இருக்கிறது, அதில் ஒன்று போகட்டும். பிஜ்பெஹாரா சேர்த்தாகிவிட்டது. டாச்சிகாமுக்கு இன்றே விசாரிக்கிறேன்.

புதூர்நாடு அண்ணே, மாசி மகம் கழிந்து ஒரு ஞாயிறு வருகிறோம். பெரிய கும்பலாக இருந்தால் பரவாயில்லையா? மாமனார் வீட்டார் இதற்கு மட்டும் உடனே சரி என்றுவிட்டார்கள்.

புதூர்நாடு

வாருங்கள். இருபது பேர் என்றாலும் சாமை வெந்துவிடும். முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எந்தப் பக்கம் பூவமரம் துளிர்த்திருக்கிறது என்று பார்த்து வைக்கிறேன். வருடத்துக்கு வருடம் பத்து, பதினைந்து நாள் முன்னே பின்னே ஆகும். சமையல் அடுப்பு, தீப்பெட்டி எதுவும் கொண்டு வராதீர்கள்.

ராணிப்பேட்டை ரைடர்

அந்த ஞாயிறு நானும் வண்டியில் வருகிறேன், தேதி போடுங்கள்.

காட்பாடிக்காரன்

கடைசியாக ஒரு சந்தேகம். டிக்கெட் போட்டுக்கொண்டே இருக்கிறேன், டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் விமானத்தில் மகளுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் எடுக்கட்டும்?

கம்மவான்பேட்டை சுபேதார்

போகும்போது வலது, வரும்போது இடது. இறக்கைக்கு மேலே விழுகிற வரிசையை விட்டுவிட்டுப் பின்னால் போடு. இறங்கிய பிறகு தரையில் படம் எடுக்க விடாதே, அது விமானப்படை நிலையம்.